மண்ணெண்ணெயில் ஓடிய ஏ-40

பேர்மிங்ஹாமின் தெற்கு ஓரத்தில் லோங்பிரிட்ஜ் என்றோர் இடம் இருக்கிறது. 1905இல் ஹேர்பேட் ஒஸ்ரின் அங்கே கார்த் தொழிற்சாலை தொடங்கினார். நூறு வருடம் நின்ற அந்தத் தொழிற்சாலை 2005 ஏப்ரலில் மூடப்பட்டது. இப்போது அந்த நிலத்தில் கடைகளும் கல்லூரியும் புது வீடுகளும் வந்துவிட்டன. சாமான் வாங்க அந்தப் பக்கம் போனால் நான் உடனே திரும்பி வருவதில்லை. ஐயாவின் ஒஸ்ரின் ஏ-40 கார் இந்த மண்ணில்தான் செய்யப்பட்டுக் கப்பலேறி இலங்கைக்குப் போனது. ஐயாவும் நானும் அதற்கு எதிர்த்திசையில் வந்து அது பிறந்த ஊரிலேயே குடியேறினோம். கார் எங்களோடு வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு ஏ-40ஐ விளக்கத் தேவையில்லை. பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்திலும் பஸ் நிலையத்தடியிலும் சந்திக்குச் சந்தியும் வாடகைக்கு நின்ற கார் அது. 1947இல் வெளிவந்தபோது நாலு கதவு உள்ளதற்கு டெவன் என்றும் இரண்டு கதவு உள்ளதற்கு டோர்செற் என்றும் இங்கிலாந்தின் தென்மேற்கு மாவட்டங்களின் பெயரை வைத்தார்கள். 1952இல் உடம்பு கொஞ்சம் உருண்டு சொமசெற் வந்தது. எஞ்சின் எல்லாவற்றுக்கும் ஒரே இனம்: 1200 சிசி, நாலு சிலிண்டர், ஏறக்குறைய 40 குதிரை வலு. ஐயாவுடையது டெவன். மானிப்பாய்ச் சந்தியில் நிற்கும். கலியாணம், கோயில் கொடியேற்றம், பிள்ளைப்பேறு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் அதுதான். அறுபதுகளில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் வந்த கார்களைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர வழியிருக்கவில்லை. 1977க்குப் பிறகு ஜப்பான் கார்கள் வந்திறங்கியும் எங்கள் பக்கத்து வாடகைக்காரர்கள் ஏ-40ஐ விடவில்லை. ஐயாவின் தலைமுறைக்கு அந்த எஞ்சினின் ஒவ்வொரு ஆணியும் தெரிந்திருந்தது.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பெற்றோல் நின்றது, பற்றரி நின்றது. அளந்து விட்ட மண்ணெண்ணெய்தான் விளக்குக்கும், தோட்டத்து இறைப்பு மெசினுக்கும், வாகனங்களுக்கும். ஐயாவின் கார் மதிப்புப் பெற்றது அப்போதுதான். மண்ணெண்ணெய் அழுத்தத்தைத் தாங்காது. கூட அமுக்கினால் நேரகாலத்துக்கு முன்னமே வெடித்து எஞ்சினைத் தட்டும். ஏ-40 எஞ்சின் காற்றையும் எண்ணெயையும் 7.2க்கு 1 என்ற அளவில்தான் அமுக்கியது. உலகப் போர் முடிந்த கையோடு, மட்டமான பெற்றோல்தான் கிடைக்கும் என்று தெரிந்து செய்த எஞ்சின் அது. இன்றைய கார்கள் 10க்கு மேலே அமுக்குகின்றன. அந்தப் பலவீனம்தான் யாழ்ப்பாணத்தில் அதன் பலமாயிற்று. பளபளவென்று இருந்த புதுக் கார்கள் கொட்டிலுக்குள் ஓலையால் மூடுண்டு கிடக்க, நாற்பது வருடக் கிழவி புகை தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றிப் போனாள்.

ஓடத் தொடங்கிவிட்டால் பிரச்சினை இல்லை. தொடங்க வைப்பதுதான் பாடு. பெற்றோல் எவ்வளவு குளிரிலும் ஆவி விடும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகைக்கு மேல் சூடு வேண்டும், அப்போதுதான் பற்றக்கூடிய ஆவி கிளம்பும். பனி விழுந்த மார்கழி விடியலில் எஞ்சினுக்குள் அந்தச் சூட்டுக்கு எங்கே போவது? இங்கிலாந்துக்காரர் தங்கள் உழவு இயந்திரங்களுக்கு இதற்கு முறையான வழி செய்து வைத்திருந்தார்கள். கொவென்றியில் செய்த பெர்கூசன் டிஈ-டி20இல் பெற்றோலுக்குச் சின்னத் தாங்கியும் மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய ஒரு மலிவு எண்ணெய்க்குப் பெரிய தாங்கியும் இருக்கும். பெற்றோலில் தொடங்கி, சூடேறிய பிறகு மற்றதுக்கு மாற்ற வேண்டும். யாழ்ப்பாணத்தில் அதே வேலையைச் சூப்பி செய்தது. சின்னப் பிளாஸ்ரிக் போத்தல், மூடியில் ஒரு துளை, துளையில் மெல்லிய குழாய். அதற்குள் ஒளித்து வைத்த பெற்றோல். செனித் காபரேற்றரின் வாயில் குழாயை வைத்து, எங்களோடு நிற்கும் குஞ்சியப்பு காரின் முன்னால் ஹாண்டிலைச் சுழற்றும் அதே நேரத்தில் போத்தலை ஒருதரம் அமுக்க வேண்டும். ஒருதரம் என்றால் ஒருதரம்தான். கூடினால் பிளக் நனைந்துவிடும். குறைந்தால் இருமிவிட்டு நிற்கும். முதல் வெடி விழுந்ததும் இன்னொரு சொட்டு, பிறகு இன்னொரு சொட்டு, எஞ்சின் தன் சூட்டில் மண்ணெண்ணெயை ஏற்றுக்கொள்ளும் வரைக்கும். முதலில் வெள்ளைப் புகை வளவை நிரப்பும். சத்தம் மெல்ல மெல்லச் சீராகும். அந்தச் சூப்பி என் கையில் இருந்தது. பெற்றோலின் பெறுமதி தெரிந்த ஐயா அதைப் பத்து வயதுப் பிள்ளையிடம் தந்தார் என்பதை நினைக்க இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது.

எப்படியும் ஸ்ரார்ட் வராத காலைகள் பல. ஐயா பதறமாட்டார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பொனற்றைத் தூக்கி வைத்து, கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார்.

“முதல்ல நெருப்பைக் கேள் பிள்ளை. பிறகு எண்ணெயைக் கேள். ரெண்டையும் ஒரேயடியாக் கேட்டா அது ஒண்டுக்கும் மறுமொழி சொல்லாது.”

நெருப்பைக் கேட்பது இப்படி. முதலாம் பிளக்கின் வயரைக் கழற்றி, காய்ந்த பூவரசந் தடியில் கட்டி, அதன் நுனியை எஞ்சின் இரும்பிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பிடிக்க வேண்டும். குஞ்சியப்பு ஹாண்டிலைச் சுழற்றுவார். இடைவெளியில் பொறி பாய வேண்டும். நீலமாக, தடிப்பாக, ‘டக்’ என்று காதுக்குக் கேட்கிற சத்தத்தோடு பாய்ந்தால் நெருப்புப் பக்கம் சுகம், காபரேற்றருக்குப் போகலாம். மஞ்சளாகவோ சிவப்பாகவோ மெலிந்து வந்தால் கொண்டென்சர், இல்லாவிட்டால் பொயின்ற். ஒன்றுமே வராவிட்டால், கொயிலிலிருந்து டிஸ்ரிபியூற்றரின் நடுவுக்குப் போகும் தடித்த வயரைக் கழற்றி அதே சோதனையை அங்கே செய்ய வேண்டும். அங்கே நெருப்பு இருந்து பிளக்கில் இல்லாவிட்டால், வழியில் இருப்பது இரண்டே இரண்டு: ரொற்றரும் மூடியும். அங்கேயும் இல்லாவிட்டால் பற்றரியிலிருந்து கொயில் வழியாகப் பொயின்ற்றுக்கு வரும் சின்னக் கரண்டைப் பார்க்க வேண்டும். திறப்பைப் போட்டுவிட்டு, மூடியிருக்கும் பொயின்ற்றை ஸ்க்ரூ டிறைவர் நுனியால் விலத்தினால் ஊசிமுனை அளவில் ஒரு பொறி தெரியும். தெரிந்தால் கரண்ட் வருகிறது. பெரிய நீலச் சுவாலையாக வெடித்தால் கொண்டென்சர் செத்துவிட்டது. ஒன்றுமே தெரியாவிட்டால் வயர் எங்கேயோ அறுந்திருக்கிறது, அல்லது பொயின்ற்றின் முகம் கருகியிருக்கிறது.

பொயின்ற்றின் முகத்தை நெருப்புப் பெட்டியின் உரசும் பக்கத்தைக் கிழித்து மடித்து, இரண்டு முகத்துக்கும் நடுவில் விட்டு இழுத்துத் துப்புரவாக்குவோம். இடைவெளி ஓரங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு. அளவுத் தகடு ஒன்று ஐயாவிடம் இருந்தது, எண்ணெயில் நனைத்த துணியில் சுற்றி வைத்திருப்பார். டிஸ்ரிபியூற்றர் இருக்கிற இடுக்குக்குள் பெரியவர்களின் கை நுழையாது. கொண்டென்சரைப் பிடித்திருக்கும் கடுகத்தனை ஆணி கீழே விழுந்தால் அந்த நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான். ஆகவே அது என் விரல்களின் வேலை. ஐயா கண்ணால் பார்க்காமல் சொல்லுவார், நான் கண்ணால் பார்க்காமல் செய்வேன். விரல் நுனியில் அந்த ஆணியின் பள்ளம் தட்டுப்படுகிற நேரத்தை என்னால் இப்போதும் உணர முடியும்.

புதுச் சாமான் வாங்க வழியில்லாதபடியால் பழசுக்குள்ளிருந்துதான் எல்லாம் பிறந்தது. டிஸ்ரிபியூற்றர் மூடியின் நடுவில் ரொற்றரைத் தொட்டுக்கொண்டு நிற்கும் கரித்துண்டு ஒருமுறை தேய்ந்தே போய்விட்டது. கைவிட்ட ரோர்ச் பற்றரி ஒன்றை உடைத்து, உள்ளே இருக்கும் கரிக்குச்சியை எடுத்து, சீமெந்துப் படியில் உரைத்து உரைத்து அளவுக்குக் கொண்டுவந்தார் ஐயா. அந்தக் கரித்துண்டுதான் கடைசி வரை இருந்தது. ஒரு முறை ஸ்ரார்ட் வராவிட்டால் அவர் இரண்டு சாமானை ஒரேநேரத்தில் மாற்றமாட்டார். ஒன்றை மாற்று, சுழற்றிப் பார், பிறகு மற்றது. இல்லாவிட்டால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது, நல்ல சாமானைத் தூக்கி எறிந்துவிடுவாய் என்பார். தூக்கி எறிய ஒன்றுமில்லாத ஊரில் அந்தச் சொல்லுக்கு நிறை கூட.

பொறி பாயும் நேரம் தவறினாலும் வண்டி ஸ்ரார்ட் வராது. மண்ணெண்ணெய்க்காகப் பொறியைக் கொஞ்சம் பிந்த வைக்க வேண்டும், டிஸ்ரிபியூற்றரின் கழுத்து ஆணியை இளக்கி உடம்பை ஒரு மயிரிழை திருப்பி இறுக்க வேண்டும். அதற்கு முன்னால் முதலாம் சிலிண்டரின் உச்சி எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். முதலாம் பிளக்கைக் கழற்றி அந்தத் துளையைப் பெருவிரலால் அழுத்தி மூடச் சொல்லுவார். குஞ்சியப்பு ஹாண்டிலை ஆறுதலாகச் சுழற்ற, உள்ளேயிருந்து காற்று விரலைத் தள்ளும். முதலில் மெல்ல, பிறகு பிடிக்க முடியாத அளவுக்கு. ‘தள்ளுது ஐயா’ என்று நான் கத்துகிற இடத்தில்தான் நிறுத்துவார்கள். அங்கேயிருந்து ஒன்று, மூன்று, நாலு, இரண்டு. பொனற்றின் உட்புறத்தில் அதைப் பெயின்றால் எழுதியிருந்தார். வாய்ப்பாடு சொல்லத் தெரிவதற்கு முன்னமே எனக்கு அது பாடம்.

பிளக் நனைந்தால் என்ன செய்வது என்பதைப் பெரிய மெக்கானிக்குகள்கூட எங்களிடம் வந்து பார்த்துப் போயிருக்கிறார்கள். எரியாத மண்ணெண்ணெய் பிளக்கின் பீங்கானில் கறுப்பாக, ஈரமாக ஒட்டிக்கொள்ளும். பொறி இடைவெளியைத் தாண்டாமல் அந்த ஈரத்தின் வழியாகவே இரும்புக்கு இறங்கிவிடும். அம்மா அடுப்பில் சிரட்டைத் தணல் வைத்திருப்பா. நாலு பிளக்கையும் குறட்டால் பிடித்துத் தணலில் சுட்டு, கம்பித் தும்பால் உரஞ்சி, சூடு ஆறுவதற்குள் ஓடிவந்து முறுக்கிப் பூட்ட வேண்டும். சுட்ட பிளக் ஈரத்தை மட்டுமல்ல, எஞ்சினின் குளிரையும் கொஞ்சம் விரட்டும். சமையல் நேரத்தில் அடுப்பைக் கேட்டால் அம்மா சினப்பா. ஆனால் தணல் இல்லை என்று அவ ஒருநாளும் சொன்னதில்லை.

ஹாண்டில் பிடிக்கவும் ஒரு முறை உண்டு. பெருவிரல் மற்ற நாலு விரலோடும் சேர்ந்தே ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும், கம்பியைச் சுற்றி வளைக்கக் கூடாது. கீழேயிருந்து மேலே இழுக்க வேண்டும், மேலேயிருந்து அமத்தக் கூடாது. எஞ்சின் திருப்பி உதைத்தால் முதல் பழுதாவது பெருவிரலும் மணிக்கட்டும். எங்கள் ஊரில் சரிவு கிடையாது. வேறு நாடுகளில் பள்ளத்தில் உருட்டி விட்டு ஸ்ரார்ட் எடுப்பார்களாம். குடாநாடு முழுக்கத் தட்டை. ஆகவே ஹாண்டில் கைவிட்டால் ஒழுங்கையில் போகிறவர்கள்தான் துணை. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்து தள்ளுவார்கள். யாரென்று கேட்பதில்லை. கார் பிடித்ததும் புகைக்குள்ளிருந்து கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தங்கள் சைக்கிளில் போய்விடுவார்கள்.

அந்த வருடங்கள் திரும்ப வேண்டாம். எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். ஆனால் அந்தக் காலத்திலிருந்து எனக்கு வேண்டியது ஒன்று உண்டு, அதை வேறெங்கும் நான் காணவில்லை. மின்சாரம் எப்போது வரும், பாதை எப்போது திறக்கும், போன அண்ணா எப்போது வருவான் என்ற எந்தக் கேள்விக்கும் ஒருவரிடமும் விடை இருக்கவில்லை. வளவில் நின்ற அந்தக் கார் மட்டும் விடை சொன்னது. ஒழுங்காகக் கேட்டால் ஒழுங்காகச் சொன்னது. நீலம் என்றால் ஒரு விடை, மஞ்சள் என்றால் இன்னொன்று. ஐயாவின் முகம் தளர்ந்து நான் கண்டது அந்த விடை வருகிற நேரங்களில்தான். செய்தி கேட்டுவிட்டு வருகிற நேரத்தில் அவர் முகம் வேறு.

ஒரு மாரி இரவு. பக்கத்து வளவு அக்காவுக்கு நோக் கண்டுவிட்டது, மாதம் முடிய முன்னமே. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கார் முனகக்கூட இல்லை. மழை கொட்டில் கூரையில் அடிக்கிறது. ஜாம் போத்தல் விளக்கைப் பெற்றோல் உள்ள இடத்துக்குக் கிட்டக் கொண்டுபோக முடியாது, ஆகவே இருட்டில்தான் வேலை. ஐயா அன்றைக்கும் வரிசையை மாற்றவில்லை. பிளக் வயரில் நெருப்பில்லை. கொயில் வயரில் நீலமாக, பெரிதாக இருக்கிறது. அப்படியானால் ரொற்றர் அல்லது மூடி. மூடியைக் கழற்றி, ரொற்றரின் பித்தளைக்குக் கிட்ட அந்த வயரைப் பிடித்துச் சுழற்றினோம். பொறி பாயவில்லை. பாய்ந்திருந்தால் ரொற்றர் உள்ளே வெடித்துக் கரண்டை ஒழுக விடுகிறது என்று அர்த்தம். ஆகவே மூடி. ஐயா அதைத் துவாயால் துடைத்துப் பூட்டி மறுபடி சுழற்றச் சொன்னார். அந்தக் கும்மிருட்டில் மூடியின் விளிம்பில் மெல்லிய ஊதா ஒளி ஒன்று ஓடி மறைந்ததை நான் கண்டேன். வெளிச்சம் இருந்திருந்தால் தெரிந்தே இருக்காது.

மூடியைத் திரும்பக் கழற்றிக்கொண்டு குசினிக்கு ஓடினோம். விளக்கடியில் பார்த்தால், உட்புறத்தில் நடு முனையிலிருந்து விளிம்பு வரை தலைமயிர் போல ஒரு கறுப்புக் கோடு. ஈரத்தில் கரண்ட் ஊர்ந்து ஊர்ந்து தனக்கென்று போட்ட கரிப்பாதை. துடைத்தால் போகாது. கரி போகும்வரை சுரண்ட வேண்டும், சுரண்டிய பள்ளத்தில் மறுபடி ஈரம் ஏறாமல் ஏதாவது பூச வேண்டும். ஓலை இழைக்கிற சத்தகத்தின் நுனியால் ஐயா சுரண்டினார். கோடு போய் வெறும் பேக்லைற் தெரியும்வரை விடவில்லை.

“கியூட்டெக்ஸ் கிடக்கோ?” என்று கேட்டார்.

அக்காவின் தங்கச்சிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மழைக்குள்ளால் ஓடினா. பழைய போத்தல், அடியில் கொஞ்சம் சிவப்பு. கட்டியாய்ப் போனதைப் போத்தலோடு உள்ளங்கையில் உருட்டிச் சூடேற்றி, அந்தச் சின்னத் தூரிகையால் பள்ளத்தை நிரப்பினா. நகத்துக்குப் பூசிப் பழகிய கை, ஒரு சொட்டுக்கூட வெளியே போகவில்லை. நாங்கள் எல்லோரும் வாயால் ஊதி ஊதி அதைக் காயவைத்தோம். பூட்டி, சூப்பியை அமுக்கி, குஞ்சியப்பு இரண்டாவது இழுவை இழுக்க, கார் பிடித்தது. லைற் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டிச் சின்னக் கீலம் மட்டும் விட்டிருந்தோம். அந்தக் கீல வெளிச்சத்தில் ஆனைக்கோட்டை, ஓட்டுமடம் தாண்டி ஐயா ஓட்டிக்கொண்டு போனார். விடியச் செய்தி வந்தது: தாயும் பிள்ளையும் சுகம். அந்த மூடி கடைசிவரை சிவப்புக் கோட்டோடுதான் இருந்தது.

1995 ஒக்ரோபர் 30. பின்னேரம் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்குப் போக வேண்டும் என்று. லட்சக்கணக்கான சனம் ஒரே பாதையில் இறங்கியது. நாங்கள் அப்பாச்சியையும் இரண்டு அயல் வீட்டுக் கிழவர்களையும் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். நல்லூர் தாண்டிச் செம்மணி வெளிக்கு வருகிறபோது கார் நடக்கிற ஆட்களை விட ஆறுதலாக ஊர்ந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்கு அது ஆகாது. இழுக்க வேலை இல்லாவிட்டால் சூடு இறங்கும். சூடு இறங்கினால் மண்ணெண்ணெய் எரியாமல் பிளக்கில் ஈரமாய்ப் படியும். மழை வேறு. இருமத் தொடங்கி, ஒரு சிலிண்டர் விட்டு, இரண்டு சிலிண்டர் விட்டு, நின்றது.

ஐயா இறங்கிப் பொனற்றைத் திறந்தார். எல்லாப் பக்கமும் சனம் இடித்துக்கொண்டு போகிறது, அவர் வழமை போலக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பிளக்கைக் கழற்றி மணந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். கறுப்பாக, சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வேறு குறை ஒன்றுமில்லை. கொஞ்சம் தணல் இருந்தால் போதும். அந்த வெளியில், அந்த மழையில், தணலுக்கு எங்கே போவது? நெருப்புப் பெட்டிகூட நனைந்துவிட்டது. முன்பின் தெரியாத பொடியன்கள் சேர்ந்து காரைத் தெரு ஓரத்து உவர் மண்ணுக்குத் தள்ளி விட்டார்கள். அப்பாச்சியைச் சைக்கிளில் இருத்தினோம். ஐயா டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றி, ரொற்றரை உருவிச் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்து, மூடியைத் திரும்பப் பூட்டினார். சந்தியில் இரவில் கார் விட்டுவிட்டு வரும்போது செய்கிற வேலைதான். ரொற்றர் இல்லாமல் ஒருவராலும் ஓட்டிக்கொண்டு போக முடியாது. ரெண்டு மூண்டு நாளிலை வந்து எடுப்பம் என்றார். நாங்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடக்கும்போது விடிந்துவிட்டது.

அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பியவர்கள் செம்மணிப் பக்கம் அப்படி ஒரு காரைக் காணவில்லை என்றார்கள். அதற்கு மேல் ஒன்றும் தெரியவரவில்லை. ஐயா இங்கிலாந்துக்கு வந்து பல வருடம் இருந்துதான் போனார். லோங்பிரிட்ஜ் மூடுண்ட செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எழும்பி வந்து கிட்ட நின்று பார்த்தார். வாசலில் நின்ற தொழிலாளரின் முகத்தையெல்லாம் ஒவ்வொன்றாய்ப் பார்த்தார் என்றே நினைக்கிறேன். ரொற்றர் அவருடைய கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது. இப்போது என்னிடம்.

என்னுடைய இப்போதைய காரில் பொத்தானை அமுக்கினால் போதும். உறைபனியிலும் முதல் தடவையே பிடித்துக்கொள்ளும், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எப்போதாவது மறுத்தால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். மெக்கானிக் தன் கருவியைக் கொழுவிப் பார்த்து ஓர் எண் சொல்லுவார். நல்ல மனிதர், வேலையும் சுத்தம். ஆனால் பொனற்றைத் திறந்தால் ஒரு பெரிய பிளாஸ்ரிக் மூடிதான் தெரிகிறது. அங்கே என் விரலுக்கு வேலை இல்லை. பூவரசந் தடிக்கு வேலை இல்லை. தெருவால் போகிறவர் நின்று ‘என்ன சங்கதி’ என்று கேட்க இடமில்லை. அந்தக் கேள்வி கேட்டு எவ்வளவு காலம்! மண்ணெண்ணெய்ப் புகை மணக்கிற விடியல் ஒன்றுக்காக, ‘தள்ளுது ஐயா’ என்று இன்னொருதரம் கத்துவதற்காக, என்னிடமுள்ள எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவேன்.

குஞ்சியப்புவின் பேரன் மானிப்பாயில் இருக்கிறான். 2022இல் இலங்கை முழுவதும் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றபோது ஊர்ப் பெரியவர்கள் சூப்பிக் கதையை எடுத்திருக்கிறார்கள், அதிலிருந்து அவனுக்குப் பழைய கார்ப் பித்து. போன மாதம் சண்டிலிப்பாயில் ஒரு சொமசெற்றை வாங்கிவிட்டான். கன காலமாகக் கொட்டிலில் கிடந்தது. வாங்கிய கிழமையே வீடியோவில் வந்தான்.

“ஸ்ரார்ட் வருகுதில்லை மாமி. புதுப் பற்றரி போட்டிட்டன், நல்லாச் சுத்துது. பிடிக்குதில்லை.”

“முதல்ல நெருப்பைக் கேள்” என்றேன்.

வயரைப் பிடிக்க ஒரு சிநேகிதன், ஸ்ரார்ட்டர் குமிழை இழுக்க இன்னொருவன், போனைப் பிடிக்க அவனுடைய தங்கச்சி. பொறி பாய்கிறது, ஆனால் போனில் நிறம் தெரியவில்லை. வெயிலில் எல்லாம் வெள்ளையாக இருக்கிறது. கொட்டில் கதவைச் சாத்திவிட்டுப் பார்க்கச் சொன்னேன். மஞ்சள் என்றான் அவன், இல்லை நீலம் என்றாள் தங்கச்சி. சத்தத்தைக் கேட்கச் சொன்னேன். போன் அந்தச் சத்தத்தை விழுங்கிவிடுகிறது, எனக்கு இங்கே ஒரு கிசுகிசுப்புத்தான் வந்தது. மணமும் வராது. பக்கத்தில் நின்றிருந்தால் ஒரு நிமிட வேலை. இவ்வளவு தூரத்திலிருந்து அவர்களுடைய கண்ணையும் காதையும் கடன் வாங்கிக் கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன். பொயின்ற்றை ஸ்க்ரூ டிறைவரால் விலத்திப் பார்த்தபோது நீலச் சுவாலை ‘பக்’கென்று எழும்பியதை மூவரும் ஒரே வாயில் சொன்னார்கள். கொண்டென்சர். அந்தப் பொடியனின் முகத்தில் வந்த தளர்வை நான் எங்கே கண்டிருக்கிறேன் என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

ரொற்றரை அனுப்பவா என்று கேட்டேன். அவனுடையது நல்லாத்தான் இருக்காம், வேண்டாம் என்றுவிட்டான். சுன்னாகத்தில் ஒருவரிடம் கொண்டென்சர் இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை போட்டுவிட்டுக் கூப்பிடுவான். போட்ட பிறகும் பொறி மஞ்சளாகவே வந்தால் கொயிலைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துக் கார்களில் பற்றரியின் பிளஸ் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும். இடையில் யாராவது அதை மாற்றிவிட்டுக் கொயிலின் இரண்டு வயரையும் மாற்றாமல் விட்டிருந்தால் நெருப்பு மெலிந்துதான் வரும். அதையும் அன்றைக்கே கேட்க வேண்டும், ஆனால் கொண்டென்சரைப் போட்டுச் சுழற்றிப் பார்த்த பிறகுதான்.